வாடைக் காற்று முதுகில் தள்ள: சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சைக்கிளில்

திருவான்மியூரில் கிளம்பி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே மிதித்தால் சுமார் 650 கி.மீ. தள்ளி, தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. வழியில் மலை கிடையாது. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்கள்தான். நாளுக்குச் சராசரியாக 60 கி.மீ. மிதிக்கக்கூடிய யாரும் பன்னிரண்டு நாளில் போய்ச் சேரலாம். முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்தே திட்டம் போடுகிறார்கள். ஏழெட்டு நாளில் முடித்துவிட்டு, வழியில் ஒரு பூநாரையைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள். இந்தக் கரையில் திட்டத்தை வகுக்க வேண்டியவை இரண்டு: காற்றும், விலங்குகள் வெளியே வரும் நேரமும். தூரம் அதற்குப் பிறகு.

எப்போது கிளம்புவது

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி 20 வாக்கில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். மழை ஓய்ந்த பின்பும் பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்தே வீசும். மீனவர்கள் சொல்லும் வாடை அதுதான். தெற்கே போகிற சைக்கிளுக்கு அது பின்னிருந்து தள்ளும் கை. இதே பாதையை ராமேஸ்வரத்திலிருந்து வடக்கே மிதிப்பவர் நாள் முழுக்க அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். மணிக்கு 18 கி.மீ. போகிற ஆள் 12-க்கு இறங்கிவிடுவார். மார்ச் நடுவில் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும், வெயிலும் ஏறும். அதோடு வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பத் தொடங்கியிருக்கும்.

உயிரினக் கணக்கும் இதே மாதங்களோடு பொருந்துகிறது. பூநாரை, உள்ளான், ஆலா, ஊசிவால் வாத்து எல்லாம் இருக்கும் காலம் இது. பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவதும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அதிகம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு. காணும் பொங்கல் அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. தை அமாவாசைக்கு வேதாரண்யம், கோடியக்கரை, ராமேஸ்வரம் மூன்றிலும் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் அறை கிடைப்பது கடினம். சனி, ஞாயிறில் சென்னையிலிருந்து கிளம்பாதீர்கள். மாமல்லபுரம் வரை கார்கள் பறக்கும். திங்கள் அல்லது செவ்வாய் விடியற்காலை நல்லது. ரமலான் நோன்பு பிப்ரவரியை ஒட்டி வரும் ஆண்டுகளில் அதிராம்பட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் பகல் ஓட்டல்கள் பல மூடியிருக்கும். அன்றைய மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

சைக்கிள்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பாதை சமதளம் என்பதால் ஏழு கியர் போதும். தேவைப்படுவது அகலமான டயர். 700×35 அல்லது 38, அல்லது 26 அங்குலச் சக்கரத்தில் 1.75. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இந்தப் பயணத்துக்கு ஆகாது. சாலையோர மணலில் அது புதையும், லாரிக்கு வழிவிட்டு இறங்கினால் வழுக்கும். 38 அகல டயருக்குக் காற்றழுத்தம் பின்சக்கரத்தில் 55 முதல் 60 பிஎஸ்ஐ, முன்சக்கரத்தில் அதைவிட 5 முதல் 10 குறைவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

முதுகுப்பை வைத்திருப்பவர்கள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. மூன்றாம் நாளே கழுத்தும் இருக்கை எலும்பும் வலிக்கும், முதுகு வேர்த்து வேர்க்குரு வரும். பையைக் கேரியரில் படுக்கப் போட்டு, பழைய டியூபை வெட்டி எடுத்த பட்டையால் இரண்டு இடத்தில் இறுகக் கட்டுங்கள். கடையில் விற்கும் கொக்கிக் கயிறு குலுக்கலில் கழன்று சக்கரக் கம்பிக்குள் போகும். அப்படிப் போனால் பின்சக்கரம் நின்றே போகும். மொத்தச் சுமை 10 கிலோவுக்குள் இருக்கட்டும், கனமான பொருள் இருக்கைக்குப் பக்கமாக இருக்கட்டும். பின்னுக்குத் தள்ளி வைத்தால் பாலத்துக் காற்றில் முன்சக்கரம் ஆடும்.

நடுவழியில் அதிகம் கைவிடுவது கேரியரைப் பிடிக்கும் போல்ட். சின்ன போல்ட்தான், குலுங்கிக் குலுங்கிக் கழன்றுவிடும். நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள், தினமும் காலையில் விரலால் அசைத்துப் பாருங்கள். உதிரியாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் விழுந்தால் அடுத்த ஊர்வரை கேபிள் டை தாங்கும்.

கருவிப் பையில்: டியூப் இரண்டு, ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, 8-10 ஸ்பேனர், செயின் பிரேக்கர், செயினுக்கு ஒரு இணைப்புக் கண்ணி, ஒரு ஜோடி பிரேக் கட்டை, கியர் கேபிள் ஒன்று, கேபிள் டை பத்து. கடலூரைத் தாண்டினால் சைக்கிள் கடைகளில் இருப்பது கறுப்புச் சைக்கிளுக்கான பொருட்கள். பஞ்சர் ஒட்டுவார்கள், ரிம் கோணல் எடுப்பார்கள், அதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் 700 அளவு டியூபை அங்கே எதிர்பார்க்காதீர்கள். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் அதற்கான பித்தளை அடாப்டரை வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். விரல்நுனி அளவுள்ள அந்தப் பொருள் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் காற்று உங்களுக்கு உதவாது.

கிளம்பும் முன் இரண்டு நாள், முழுச் சுமையோடு, நாளுக்கு 40 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். இருக்கை உயரத்தைச் சரிபார்க்க, குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலுக்கு முன்பக்கம் வலி வரும். இந்த ஒத்திகையில் தெரியாத குறை நாகப்பட்டினத்தில் தெரியும்.

ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும், ஆறு மணி சுமாருக்கு விழும். ஐந்தே முக்கால் மணிக்கு முன் விளக்கும் பின் சிவப்பு விளக்கும் எரிய, பளிச்சென்ற மேல்சட்டையோடு கிளம்புங்கள். ஆறு முதல் எட்டரை வரை பறவைகளின் நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் 20 கி.மீ. போனாலே போதும். எட்டரைக்கு இட்லி. பதினொன்றரைக்குள் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கை முடித்துவிட்டு மூன்று மணி வரை நிழல். பிறகு மிச்ச தூரம். நீண்ட தூரமுள்ள நாட்களில் மட்டும் காலை வேகமாகப் போகலாம்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். சைக்கிளில் இரண்டு பாட்டிலும் பையில் 2 லிட்டரும் வைத்தால் எந்த இடைவெளியையும் கடக்கலாம். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் பன்னிரண்டு மணிக்குத் தலை சுற்றும், தசை பிடிக்கும். வியர்வையில் போன உப்பு திரும்பவில்லை என்று அர்த்தம். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை, அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கெட்டியாகக் கரைத்தால் வயிறு கெடும். இளநீர் எல்லா ஊரிலும் உண்டு, மோர் அதைவிட மலிவு.

பைனாகுலர் 8×42 ஒன்று இருந்தால் இந்தப் பயணத்தின் தரமே மாறும். கைபேசிக் கேமராவை நம்பி வருபவர்கள் படத்துக்காக நெருங்கிப் போகிறார்கள், பறவை பறந்துவிடுகிறது. பைனாகுலர் இருப்பவர் சாலையிலேயே நின்று பார்க்கிறார்.

சென்னை முதல் சிதம்பரம் வரை

முதல் நாள் மாமல்லபுரம், சுமார் 50 கி.மீ. முட்டுக்காட்டுப் பாலத்தில் நீர்க்காகமும் கொக்கும் காலையில் தவறாமல் இருக்கும். வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை இருக்கிறது. வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு போங்கள். பங்குனி ஆமையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கிளம்பும் முந்தின வார இறுதியில் சென்னையிலேயே பார்க்க முயல்வதுதான் முறை. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பருவகாலத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு நடை நடத்துகிறது. தெரிந்தவர்களோடு போவதால் ஆமைக்கும் தொல்லை இல்லை, கடற்கரையில் இரவில் தனியாகத் திரிகிற சிக்கலும் இல்லை.

இரண்டாம் நாள் நீளமானது, புதுச்சேரி வரை 95 கி.மீ. வாடை தள்ளுவதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சாலையை நான்கு வழியாக்கும் பணி பல இடங்களில் நடந்து வருவதால் சல்லியும் திடீர் மாற்றுப்பாதையும் வரும். கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள், எதிரே உப்பங்கழி. மரக்காணத்தில் உப்பளம். அதை ஒட்டிய கழுவேலி சதுப்புநிலம் 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்னும் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. உப்பளத்தின் காய்ந்த பாத்தி கெட்டித் தரை மாதிரி தெரியும். மேல்தோல் மட்டுமே காய்ந்திருக்கும், அடியில் கறுப்புச் சேறு. சைக்கிளோடு இறங்கினால் சக்கரம் பாதி புதையும், அந்த உப்புச் சேறு செயினில் ஏறினால் மறுநாளே துரு. வரப்பில் நடந்து போகலாம், அதுவும் உப்பளத்தாரிடம் கேட்டுவிட்டு.

மூன்றாம் நாள் கடலூர் வழியாகச் சிதம்பரம், சுமார் 70 கி.மீ. முழுப் பயணத்திலும் இந்தத் துண்டுதான் இன்பமில்லாதது. கடலூர் சிப்காட் பகுதியில் லாரிகள் அதிகம். ஓர வெள்ளைக்கோட்டிலிருந்து சாலையின் உட்பக்கமாக ஒரு முழம் தள்ளி நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஓரமாக ஒண்டிப்போனால் பேருந்துகள் உரசிக்கொண்டு முந்தும்.

நாலாம் நாள் காலை பிச்சாவரம், சிதம்பரத்திலிருந்து 15 கி.மீ. அளவில். மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகு எடுங்கள், முதல் படகிலேயே ஏறுங்கள். சத்தமில்லாமல் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே போகும்போது மீன்கொத்தியும் கொக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த தில்லை மரம் இங்கே உண்டு. அதன் பால் தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

தரங்கம்பாடி, வேளாங்கண்ணி

பிச்சாவரத்திலிருந்து சிதம்பரத்துக்குத் திரும்பி, அங்கிருந்து சீர்காழி வழியாக 50 கி.மீ. போனால் தரங்கம்பாடி. டேனியர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஐந்தாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி, சுமார் 45 கி.மீ. வேளாங்கண்ணியில் எந்த விலையிலும் அறை உண்டு, துணி துவைக்க வசதி உண்டு. அடுத்த ஐந்து நாளுக்கான மருந்து, சொல்யூஷன், ரொக்கம் எல்லாவற்றையும் இங்கேயே வாங்கி வையுங்கள்.

கோடியக்கரை

ஆறாம் நாள் வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை, சுமார் 50 கி.மீ. இங்கே இரண்டு இரவு தங்குங்கள். நாள் குறைவாக இருப்பவர்கள் புதுச்சேரியிலிருந்தே தொடங்கட்டும். கோடியக்கரையை மட்டும் குறைக்கக் கூடாது.

1967-ல் சரணாலயமான இந்த முனையில் உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேற்றுநிலம், உப்பளம், கடல் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்து வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் செத்தன, மரங்கள் சாய்ந்தன.

தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு. முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் 11 கி.மீ. பின்னால் வேதாரண்யத்தில் விடுதிகள். ஊருக்குள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வனத்துறைச் சோதனைச் சாவடியில் நுழைவுச்சீட்டு வாங்கி, எந்தத் தடத்தில் சைக்கிள் போகலாம், எதில் கூடாது, எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது. தண்ணீர் நிற்பதைப் பொறுத்துத் தடங்கள் மாறும். வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். பூநாரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், அது தினமும் மாறுவது.

வெளிமானைக் காலை ஆறரை முதல் எட்டு வரையிலும் மாலை நாலரைக்குப் பிறகும் புல்வெளியில் தேடுங்கள். வெளியில் வாழ்வதால் வெளிமான். மறைவிடம் நாடாது, தூரத்தில் பார்த்து ஓடித் தப்புவதே அதன் வழி. அதனால் 100 மீட்டருக்குள் போக வேண்டாம். கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்குக் கொம்போடு இருப்பது கிடா. பழுப்பாக, கொம்பில்லாமல் மேய்வது பெண். சைக்கிளில் இருப்பவரைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இறங்கி நடந்தால் ஓடும். ஆகவே நிற்க வேண்டுமானால் இருக்கையிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றி நில்லுங்கள். ஒரு மான் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அதுவே எல்லை. அடுத்த அடி வைத்தால் கூட்டம் முழுக்கத் துள்ளிப் போய்விடும், அன்று காலை அந்தப் பக்கம் திரும்பாது.

மட்டக்குதிரைகள் ஊர்க்குதிரை மாதிரி சாதுவாகத் தெரியும். வளர்ப்பு விலங்கு காட்டில் பல தலைமுறை வாழ்ந்து காட்டுத்தன்மை ஏறியவை அவை. பின்பக்கமாகப் போகாதீர்கள், உதைக்கும். குட்டியோடு இருக்கும் பெண்குதிரைக்கும் குட்டிக்கும் நடுவே சைக்கிளைச் செலுத்தாதீர்கள். குரங்குகளுக்குக் கேரியர் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். வாழைப்பழம் பையில் இருந்தால் சைக்கிளை விட்டு நகரவே வேண்டாம். எதற்கும் தீனி போடக் கூடாது.

பூநாரைக்கு ஆழமில்லாத உப்புநீர் வேண்டும். வேதாரண்யம் சதுப்பிலும் உப்பளங்களிலும் நீர்மட்டம் சரியாக இருக்கும் ஆண்டில் ஆயிரக்கணக்கில் நிற்கும். மழை மிஞ்சிய ஆண்டில் தள்ளிப் போய்விடும். 150 மீட்டருக்குக் குறையாமல் நின்று பைனாகுலரில் பாருங்கள். கழுத்தைக் கீழே விட்டு, அலகைத் தலைகீழாக நீரில் அளைந்து தின்றுகொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கின்றன. கழுத்தெல்லாம் நிமிர்ந்து, ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். கூட்டமாகப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டி எழுப்புகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், செய்கிறவரைத் தடுங்கள். உள்ளான் போன்ற சின்னப் பறவைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. திரும்பிப் பறக்க இங்கேதான் கொழுப்பைச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் எரிந்துபோகிறது.

சேற்றில் இறங்காதீர்கள். முழங்கால் வரை போன பிறகு தனியாக ஏறுவது கடினம். இருட்டில் காட்டுத்தடத்தில் நடக்காதீர்கள், கண்ணாடிவிரியன் உள்ள கரை இது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

முத்துப்பேட்டை முதல் ராமநாதபுரம் வரை

எட்டாம் நாள் மேற்கே திரும்பி முத்துப்பேட்டை தாண்டி அதிராம்பட்டினம், 70 கி.மீ. அளவில். முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டையும் கடற்காயலையும் பார்க்க வனத்துறை அனுமதியோடு படகு எடுக்க வேண்டும். அதற்கு அரை நாள் தனியாக வேண்டும் என்பதால், விரும்புபவர்கள் முத்துப்பேட்டையிலேயே இரவு தங்கிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நாள் தொண்டி வரை 85 கி.மீ. சாலை அமைதி, இடப்பக்கம் தென்னையும் கடலும் மாறி மாறி வரும். சரபோஜி மன்னர் 1814-15-ல் கட்டிய மனோராவின் அடியில் காலைத் தேநீர். எதிரே உள்ள பாக் விரிகுடாவில் 448 ச.கி.மீ. பரப்பு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்தக் கடற்பசுவைக் கரையிலிருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடலுக்கடியில் புல் மேயும் விலங்கு அது, மூச்சு விட மட்டும் மேலே வரும். கரையொதுங்கிய கடற்புல்லைப் பார்க்கலாம், அதுதான் அதன் உணவு. 85 கி.மீ. அதிகம் என்றால் மணமேல்குடி, மீமிசல் பக்கம் விசாரித்துத் தங்குங்கள்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் பத்தாம் நாள், 55 கி.மீ. நடுவில் காரங்காட்டில் ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ராமநாதபுரம் ஓரத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம்.

இந்தப் பகுதியின் எதிரி சீமைக் கருவேல முள். சாலையோரம் முழுக்க வெட்டிப் போட்ட விறகுக் கட்டை, உதிர்ந்த முள். நிழலுக்காக மரத்தடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் பஞ்சர் உறுதி. தூக்கிக்கொண்டு போங்கள், திரும்பித் தாருக்கு வந்ததும் டயரைக் கையால் துடையுங்கள். பஞ்சர் ஆனால் அவசரமாகப் புது டியூபை மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும், புது டியூபும் பத்து நிமிடத்தில் போகும். டியூபைக் கழற்றியதும் ஒரு துணியை டயரின் உட்பக்கம் சுற்றிலும் இழுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். பிறகு இன்னொரு முறை துடையுங்கள், ஒரு முள் இருந்த டயரில் மூன்று இருக்கும். ஒட்டும்போது டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு ஐந்து நிமிடம் காயவிட்டு அதன்பிறகே துண்டை அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வெயிலில் நழுவும். வியர்வைக் கையால் தொட்ட இடத்திலும் பிடிக்காது.

நாய்களும் இந்தப் பக்கம் துரத்தும். வேகமெடுக்காதீர்கள், ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு உருட்டியபடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாத ஒன்று இது.

பாம்பன் தாண்டி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கி.மீ., திசை கிழக்கு. இத்தனை நாள் தள்ளிய காற்று இப்போது முகத்தில் அடிக்கும். விடியலில் காற்று தணிந்திருக்கும்போதே பாதித் தூரத்தை முடியுங்கள். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று பலம். இரும்பு இணைப்புகளைச் சக்கரம் நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் ஈரத்தில் வழுக்கும். காற்று தள்ளினால் இறங்கி உருட்டுங்கள். கடலோரச் சோதனையில் கேட்பார்கள் என்பதால் அடையாள அட்டையின் அசலைக் கையில் வையுங்கள்.

பன்னிரண்டாம் நாள் தனுஷ்கோடி, போக வர 40 கி.மீ. சுற்று. நிழல் இல்லை. வாடை பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே தண்ணீரையும் தெம்பையும் திரும்பும் வழிக்கும் மிச்சம் வையுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் நிற்குமிடத்தில் தேநீரும் மீனும் கிடைக்கும். அங்கிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த சாலை. அதில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் திட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல் நேராகப் போங்கள். சாலையோர நீர்ப்பரப்பில் ஜனவரி முதல் மார்ச் வரை பூநாரைகளைப் பார்க்கலாம். மாலையில் இருட்டும் முன் திரும்ப அனுப்பிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

கரையில் நடக்கும்போது ஒதுங்கிய சொறிமீனை (ஜெல்லி மீன்) மிதிக்காதீர்கள், செத்த பிறகும் அதன் இழைகள் சுடும். பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்கவோ விலைக்கு வாங்கவோ வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எந்த ஊரிலும் சைக்கிளைக் கடற்கரை மணலில் ஓட்டாதீர்கள். மணலுக்குள் ஆமை முட்டைகள் இருக்கலாம். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும், பொரிய 45 முதல் 60 நாள். இரவில் ஆமையைக் காண நேர்ந்தால் டார்ச்சும் கைபேசி விளக்கும் அணைந்திருக்கட்டும். பின்னால் தள்ளி அசையாமல் நில்லுங்கள். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பும். குஞ்சுகளைத் தூக்கிக் கடலில் விடுவது உதவி அல்ல.

துருவும் திரும்புதலும்

உப்புக் காற்றில் செயின் இரண்டே நாளில் சிவக்கும். தினமும் மாலை ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி வெளிப்பக்கம் துடைத்துவிடுங்கள். மிச்ச எண்ணெய் இருந்தால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பற்சக்கரத்தைத் தின்னும். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும்.

ராமேஸ்வரத்திலிருந்து சைக்கிளை ரயிலில் அனுப்ப, புறப்பாட்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன் பார்சல் அலுவலகத்தில் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டிப் பதிவு செய்யுங்கள். பம்பு, விளக்கு, பாட்டில், இருக்கைப்பை எல்லாம் கழற்றிக் கையில். கியர் இருக்கும் வலப்பக்கத்தில் அட்டை கட்டி, பேரும் சேருமிடமும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும். வீட்டுக்கு வந்ததும் இருக்கைத் தண்டை உருவி, குழாய்க்குள் தேங்கிய உப்புநீரை வடித்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். அப்படியே விட்டால் மூன்றே மாதத்தில் தண்டு குழாயோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்ற வராது.